மற்றவை நேரில்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். எகிப்து, இத்தாலி என்று 4 வருஷம் கடல் கடந்து கிடந்திருக்கிறார். போன மாதம் பழைய வீட்டைக் காலி செய்தபோது டிரங்குப் பெட்டியில் அவருடைய 11 கடிதங்கள் கிடைத்தன. ஆசையாகப் பிரித்தேன். எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான். இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும், பணம் வந்து சேர்ந்ததா, மற்றவை நேரில். மூன்று கடிதங்களில் சிவலைப் பசு கன்று போட்டதா என்று கேள்வி. சண்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லாமே கொள்ளுத்தாத்தா பெயருக்கு வந்தவை. கல்யாணமாகி எட்டே மாதத்தில் கப்பல் ஏறியவர், பாட்டி பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. மனுஷனுக்கு ஈரமே கிடையாதா?

க. (முழுப் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

அன்புள்ள க.,

அந்தக் கடிதம் எத்தனை கை மாறி உங்கள் பாட்டியின் காதுக்கு வந்திருக்கும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். சிப்பாய்களில் பலருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்துச் சொல்லச் சொல்ல எழுத வைப்பார்கள். அப்புறம் தணிக்கை. இருக்கும் இடம், படை நகர்வு, சேதம் எதையும் எழுதக்கூடாது. ஊருக்கு வந்த பிறகு தபால்காரரோ வாத்தியாரோ திண்ணையில் உட்கார்ந்து உரக்க வாசித்திருப்பார். மாமனார் முன்னால், அண்டை வீட்டார் முன்னால். இருபது வயதுப் பையன் பெண்டாட்டிக்கு என்னத்தைச் சொல்லி எழுதுவான்?

பிரிட்டிஷ் ராணுவம் முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்கு ஒரு கார்டு கொடுத்தது. வாக்கியங்கள் எல்லாம் அச்சிலேயே இருக்கும். ‘நான் நலம்’, ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்’, ‘உங்கள் பார்சல் கிடைத்தது’. வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். வேறு எதையாவது சேர்த்தால் கார்டு அழிக்கப்படும் என்று மேலேயே மிரட்டல். ‘வெகு நாளாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை’ என்பதும் அந்த அச்சில் உண்டு. ஏக்கத்தைக்கூட அச்சடித்து வைத்திருந்தார்கள்! அந்தக் கார்டு வந்தால் வீட்டில் பார்ப்பது தேதியைத்தான். அன்றைக்கு ஆள் உயிரோடு இருந்தான். உங்கள் தாத்தாவின் க்ஷேமத்தையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

முதல் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படிக்கவே ஒரு தணிக்கை அலுவலகம் இருந்தது. பெரும்பாலும் உருது, பஞ்சாபி, இந்தி. அங்கே ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்த பகுதிகள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அதில் ஒருவர் கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகைப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுகிறார். கறுப்பு இந்தியச் சிப்பாய், சிவப்பு வெள்ளைக்காரச் சிப்பாய். தணிக்கைக்காரர்களுக்கும் அது புரிந்துதான் இருந்தது. பெயர்த்து வைத்ததால்தான் நமக்கே தெரிகிறது.

இதைச் சொன்னதும் உங்கள் மனம் சிவலைப் பசுவின் பக்கம் போகும். என்னுடையதும் போனது. அந்த மூன்று கடிதங்களின் தேதியையும் உங்கள் வீட்டில் மூத்த பிள்ளை பிறந்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். கதை எழுதுகிறவனின் கெட்ட புத்தி. பசு வெறும் பசுவாகவே இருக்கலாம். கொட்டிலில் நிற்கும் பசுவுக்கு மாதம் எண்ணிக்கொண்டு ஒருவன் பாலைவனத்தில் இருந்தான் என்பதே எனக்குப் போதும்.

சண்டையைப் பற்றி எழுதவில்லை என்கிறீர்கள். சாப்பர்ஸின் வேலை பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது. 1944 பிப்ரவரியில் இத்தாலியில் மிஞானோ பக்கம் கண்ணிவெடி அகற்றும்போது ஒருவர் காலடியில் வெடி கிளம்பியது. சுபேதார் சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து மூடிக்கொண்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் செத்துப்போனார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். அவரும் மெட்ராஸ் சாப்பர்ஸ்தான். அந்த வாரம் அங்கே இருந்த மற்றவர்களும் வீட்டுக்கு க்ஷேமம் என்றுதான் எழுதியிருப்பார்கள். வேறென்ன எழுத முடியும்?

கடிதம் சொல்லாததை முகவரி சொல்லும். எம்.இ.எஃப் என்று இருந்தால் மத்தியக் கிழக்குப் படை, அதாவது எகிப்து, லிபியா பக்கம். சி.எம்.எஃப் என்றால் மத்தியத் தரைக்கடல் படை, இத்தாலி. எந்தக் கடிதத்தில் எம்.இ. போய் சி.எம். வருகிறதோ அங்கே அவர் கடலைத் தாண்டியிருக்கிறார். முத்திரையில் கள அஞ்சலக எண் தெரிந்தால் இன்னும் நல்லது. எந்த எண் எப்போது எங்கே இருந்தது என்று தபால்தலை சேகரிப்பவர்கள் பட்டியல் போட்டிருக்கிறார்கள். கையெழுத்தையும் பாருங்கள். எல்லாக் கடிதத்திலும் ஒரே கைதானா, இல்லை அடியில் உள்ள ஒப்பம் மட்டும்தான் அவருடையதா? வேறு கை என்றால், அந்தக் கூடாரத்தில் அவர் பக்கத்தில் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம், தயவுசெய்து லாமினேட் பண்ணிவிடாதீர்கள். உறைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.