விழப்போகிற பல்லுக்கு வைத்தியம் எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிகிறது, ஒரு பல் பழுப்பாகவும் ஆகிவிட்டது. இரவில் பால் புட்டியோடுதான் தூங்குவான். பால் பல்தானே, அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடும், சரி. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10-12 வயது வரை இருக்க வேண்டியவை, சொத்தை அங்கேயும் பரவி முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியில் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடமில்லாமல் போய்விடும்.

குற்றவாளி அந்தப் புட்டிதான். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரக்கும், குடித்த பால் பற்களின் மேலேயே தங்கும், கிருமிகள் அதிலுள்ள சர்க்கரையை அமிலமாக்கி பல்லின் கடினமான மேற்பூச்சான எனாமலை அரிக்கும். புட்டியை நிறுத்துங்கள், அழுவான், அழட்டும்! தண்ணீர் கொடுக்கலாம்.

வெள்ளைக் கோடு ஆரம்ப நிலை. பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசையால் காலையிலும் படுக்கும் முன்பும் நீங்களே தேய்த்துவிட்டால் தேற வாய்ப்புண்டு. நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். பழுப்புப் பல்லைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். குழியை அடைப்பார், அல்லது சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவ மருந்தைத் தடவிச் சொத்தை பரவாமல் நிறுத்தப் பார்ப்பார், அந்த இடம் கறுத்துப்போகும், பயப்படாதீர்கள். அப்புறம், ஈறில் சீழ்க் கொப்புளமோ முகத்தில் வீக்கமோ வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.