வெறும் காகிதமா?

கேள்வி: இன்றைய மக்களாட்சிக்கு வழிபோட்டவர்கள், மரபைவிடப் பகுத்தறிவை நம்பிய ஐரோப்பாவின் அறிவொளிக் காலத்து அறிஞர்கள்தான் என்கிறார்கள். அவர்கள் எழுதியதெல்லாம் வெறும் காகிதம்தானே? அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஆட்சியை மாற்றியது துப்பாக்கி அல்லவா?

பதில்: அந்த 'வெறும்' என்ற சொல்லை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. முப்பது வருடமாகக் காகிதத்தோடு குடும்பம் நடத்துகிறவனிடம் வந்து சொல்கிற சொல்லா அது?

வெறும் காகிதம் என்றால் அதைப் பிடிக்க அரசாங்கம் ஏன் ஆள் அனுப்புகிறது? 1751-இல் பாரிசில், பிரெஞ்சு எழுத்தாளர் தீதரோ பதிப்பித்த கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வந்தது. அதில் 'அரசியல் அதிகாரம்' என்ற பதிவு எடுத்த எடுப்பில் சொல்கிறது: மற்றவர்களுக்குக் கட்டளையிடும் உரிமையை எந்த மனிதனும் இயற்கையிடமிருந்து வாங்கி வரவில்லை. கடவுளே தனக்கு அதிகாரம் கொடுத்தார் என்று பதினைந்தாம் லூயி ஆண்டுகொண்டிருந்த நாட்டில் இதை அச்சுக்கோத்திருக்கிறார்கள்! அடுத்த வருடமே முதல் இரண்டு தொகுதிகளுக்கும் தடை வந்துவிட்டது.

தீதரோவின் மகள் எழுதிவைத்த ஒரு சம்பவம் உண்டு. புத்தகங்களுக்கு அனுமதி தரும் துறையின் தலைவர் மால்செர்ப், "நாளை உங்கள் கையெழுத்துப் பிரதிகளைப் பறிமுதல் செய்ய உத்தரவு போடப் போகிறேன்" என்று தீதரோவுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறார். ஒரே நாளில் அத்தனையையும் எங்கே கொண்டுபோய் வைப்பது, யார் துணிந்து வாங்கி வைப்பார்கள் என்று இவர் தவிக்கிறார். "என் வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள், அங்கே யாரும் தேட வரமாட்டார்கள்" என்று பதில் வருகிறது. உத்தரவு போட்டவர் வீட்டிலேயே காகிதம் பத்திரமாக இருந்தது. அந்த மனிதரை நினைத்தாலே எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். அதே பதிவில் அதற்கும் பதில் இருக்கிறது. பலத்தால் பிடித்த அதிகாரம், பிடித்தவனுடைய பலம் இருக்கும் வரைதான் நிற்கும். கீழே இருப்பவன் பலசாலியானால் அதே நியாயத்தில் அவனும் உதறிவிடலாம். நிற்கக்கூடிய அதிகாரம் ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தில் பிறப்பது. இங்கிலாந்தில் தத்துவஞானி ஜான் லாக் முன்பே சொன்னதுதான். 1776-இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் அந்தச் சம்மதம் என்ற சொல் அப்படியே ஏறியது. அடிமைகளிடமும் பெண்களிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பது தீராத களங்கம். பின்னாளில் அவர்கள் தங்கள் உரிமையைக் கேட்டபோதும் அதே பிரகடனத்தை எடுத்துக் காட்டித்தான் கேட்டார்கள்.

துப்பாக்கி வென்றது, உண்மை. அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1783 டிசம்பரில், இங்கிலாந்துக்கு எதிரான போரில் ஜெயித்த அமெரிக்கத் தளபதி வாஷிங்டன் அன்னாபொலிஸ் நகரில் மக்கள் பிரதிநிதிகள் முன் நின்று, தளபதியாகத் தன்னை நியமித்த காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். படை கையில் இருந்தவர் அவர். பெற்றுக்கொண்ட சபையிடம் படைவீரர்களின் சம்பள பாக்கி கொடுக்கக்கூடப் பணம் கிடையாது.

எனக்கு ஆறாத கோபம் தீதரோவுக்கு உள்ளேயிருந்தே நடந்த துரோகத்தின் மேல். தணிக்கை அதிகாரி காப்பாற்றிய எழுத்தை அச்சகக்காரர் லெ பிரெத்தோன் வெட்டினார். தீதரோ கடைசி புரூப் (அச்சடிக்கும் முன் திருத்தப் பார்க்கும் தாள்) பார்த்து அனுப்பிய பிறகு, வம்பு வரும் என்று தோன்றிய வரிகளையெல்லாம் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டார். 1764-இல் ஏதோ ஒரு பதிவைப் புரட்டியபோதுதான் தீதரோவுக்குத் தெரிந்தது. மூலப் பிரதிகளும் அழிந்துபோயிருந்தன. என் கட்டுரை ஒன்றிலும் இடமில்லை என்று ஓர் அச்சகத்தில் கடைசிப் பத்தியைத் தூக்கினார்கள். ஒரு பத்திக்கே எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. அவருக்குப் போனது இருபது வருட உழைப்பின் உயிர்.

ஆனால் வெட்டுப்பட்ட புரூப் தாள்களில் பல, ஒரு தொகுதியாகக் கட்டப்பட்டு எங்கோ பிழைத்துக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் வெளியே வந்தன. வெட்டிய அடையாளங்களோடு அவற்றை இன்று படிக்கலாம்.