செய்தி வாசிப்பாளரிடம் கேளுங்கள்: பிராம்ப்டர் முதல் ஏஐ வரை

மதுரை செல்லூரில் பிறந்து, உள்ளூர் கேபிளில் தொடங்கி, 22 வருஷமாகச் செய்தி வாசிக்கிறேன். புதுக் கருவி எது வந்தாலும் ஓடிப்போய்த் தொட்டுப் பார்ப்பேன். கேளுங்கள்.

திருமங்கலம் மாணவி: பேப்பரைப் பார்க்காமல் எப்படிக்கா வாசிக்கிறீங்க?

பிராம்ப்டர்தான்மா. கேமரா லென்சுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி. கீழே திரையில் எழுத்து இடவலம் மாறி ஓடும். கண்ணாடியில் நேராகத் தெரியும். உட்காருமுன் ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிடு.

ஒத்தக்கடை: செய்திச் சேனல் தொடங்க எந்த கேமரா வாங்கலாம்?

கையிலுள்ள போன் போதும். காசைக் காலர் மைக்கில் போடுங்கள்.

சிம்மக்கல்: அழகர் ஆற்றில் இறங்கும்போது நேரலை ஏன் அறுந்து அறுந்து வருது?

நிருபர் முதுகில் சுமக்கும் லைவ் பையில் பல சிம் இருக்கும். படத்தைத் துண்டுகளாக்கி எல்லா சிம்மிலும் அனுப்ப, ஸ்டுடியோவில் ஒன்றுசேரும். வைகைக்கரையில் லட்சக்கணக்கானோர் போனைத் தூக்கினால் டவரே திணறும். அதனால்தான் ஓபி வேனும், அதாவது கூரையில் டிஷ் வைத்த ஒளிபரப்பு வண்டியும், நிற்கும். அது 35,786 கி.மீ. மேலே உள்ள செயற்கைக்கோளுக்கு நேராக அனுப்புகிறது. ஏறி இறங்கவே கால் நொடி. கேள்வி கேட்டதும் நிருபர் பேசாமல் நிற்பாரே, அந்தத் தாமதம் இதில் தொடங்குவது.

அண்ணா நகர்: ஏஐ வந்தாச்சு. இனி உங்க வேலை அவ்வளவுதானே மேடம்?

2018-இல் சீனாவின் ஷின்ஹுவா செய்தி நிறுவனம் ஏஐ வாசிப்பாளரைக் காட்டியபோதே வியந்து பார்த்தேன். 2024 மே மாதம் தூர்தர்ஷனின் விவசாயச் சேனலான டிடி கிசானில் கிரிஷ், பூமி என்ற ஏஐ வாசிப்பாளர்கள் வந்தார்கள். மண்டி விலையும் மழை நிலவரமும் நள்ளிரவில் சொல்ல ஆள் கிடைத்தால் நல்லதுதானே! ஆனால் தமிழில் ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி. நான் சோதித்த குரல், பாலு என்பவர் பெயரைப் பசும்பாலின் 'பா' போட்டு வாசித்தது.

மேலூர்: கேமரா எது வாங்கலாம்?

மேலே பாருங்கள்.

அண்ணா நகர், மறுபடியும்: உச்சரிப்பெல்லாம் சீக்கிரம் சரியாயிடும்.

ஆகட்டும் தம்பி, சந்தோஷம். நான் பயப்படுவது வேறு. பட்டாசு ஆலை விபத்துச் செய்தி ஓடுகிறது. காதுக்குள் தயாரிப்பாளர், "எண்ணிக்கை உறுதியில்லை, நிறுத்து" என்கிறார். பிராம்ப்டரில் பழைய எண் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு மூச்சுக்குள் அதை விழுங்கி, "தகவல்கள் வந்துகொண்டிருக்கின்றன" என்று மாற்ற வேண்டும். வேலைக்குப் போன மகனுக்காக ஓர் அம்மா அந்த டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

அண்ணா நகர்: அதையும் மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்கலாமே?

கொடுங்கள். தப்பாகப் போனால் யார் முகம் கொடுத்து மன்னிப்புக் கேட்பது? ஒருமுறை தப்பாக வாசித்துவிட்டு, மறுநாள் அதே நாற்காலியில் உட்கார்ந்து நானே திருத்தம் வாசித்திருக்கிறேன்.

உசிலம்பட்டி: கேமரா...

போன், காலர் மைக். இனி இதற்குப் பதிலில்லை.

செல்லூர்: நம்ம ஊர் நாக்குக்கு 'ழ' வருமாக்கா?

எனக்கு வந்ததே! சோழவந்தான், அழகர்கோயில், வாழைத்தோப்பு. தினமும் காலையில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.