"படிக்கிறாள்" என்ற ஒரு சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெண்களின் முன்னேற்றம் குறித்துச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், "கற்க வேண்டும் என்ற உறுதி உள்ளவளை வறுமை தடுத்துவிடாது" என்று ஒரு வரி வருகிறது. எனக்கு 24 வயது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியும் மேற்கொண்டு கட்டணம் கட்ட வழியில்லாததால், "இந்த ஒரு வருடம் போகட்டும்" என்றார் அப்பா. அந்த வருடம் இன்னும் முடியவில்லை. அண்மையில் தம்பியின் கல்லூரி விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். குடும்பத்தினரின் கல்வித் தகுதியைக் கேட்ட கட்டத்தில், என் பெயருக்கு நேரே 'பத்தாம் வகுப்பு' என்று எழுதியபோது உங்கள் வரிதான் நினைவுக்கு வந்தது. எனக்கு உறுதி போதவில்லையா? இனிமேல் படிப்பதில் பயனுண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த வரி பிழையானது. வென்று வந்த சிலரைப் பார்த்து எழுதிவிட்டேன். அதே உறுதியோடு பாதியில் நின்றுபோனவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை என்பதை யோசித்திருக்க வேண்டும்.

உங்கள் அப்பா சொன்ன வாசகம் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ஏழைக் குடும்பங்களில் பெண்ணின் படிப்பை நிறுத்துவதென்று பெரும்பாலும் யாரும் முடிவெடுப்பதில்லை, தள்ளிப்போடுகிறார்கள். அப்படிக் காலியாகும் நேரத்தில் சமையல், நோயாளியைக் கவனிப்பது, சிறு கூலிவேலை என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொள்ள, ஓராண்டுக்குள் அவள் இல்லாமல் வீடு நடக்காது என்றாகிவிடுகிறது. பிறகு கட்டணத்துக்குப் பணம் கிடைத்தாலும் அவளை அனுப்ப முடிவதில்லை.

இன்னொன்றும் நிகழ்கிறது. வயதுவந்த பெண்ணின் திருமணத்தைப் பற்றி உறவினர் கேட்கும்போது, மறுபேச்சின்றி அவர்கள் ஏற்றுக்கொள்ளும் பதில் "படிக்கிறாள்" என்பதுதான். தான் யார், என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு பெண் தீர்மானிக்காமல் இருப்பதற்கான சில ஆண்டுகளை அந்தச் சொல் வாங்கித் தருகிறது. கட்டணம் கட்ட முடியாத வீட்டில் முதலில் பறிபோவது அந்தப் பதில்தான். வறுமை பெண்ணிடமிருந்து எடுத்துக்கொள்வது வேலைவாய்ப்பை மட்டுமல்ல, இந்த ஆண்டுகளையும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

சட்டங்களும் பெரும்பாலும் இந்த ஆண்டுகளின் வாசலோடு நின்றுவிடுகின்றன. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம், குறைந்தது தொடக்க, அடிப்படை நிலைகளிலேனும் கல்வி இலவசமாக இருக்க வேண்டும் என்றது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை என்று வரையறுத்தது. வீட்டுக்குப் பெண்ணின் உழைப்பு பயன்படத் தொடங்குவதும், திருமணப் பேச்சு எழுவதும், ஏறக்குறைய அந்த வயதுக்குப் பிறகுதான். கென்யா 2003இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கூடுதலாக வந்து சேர்ந்தார்கள். அத்தனை குடும்பங்களுக்கும் ஒரே நாளில் ஆர்வம் பிறந்துவிட்டதென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வங்காளதேசம் இதைச் சரியாகக் கணித்தது. 1994 முதல் நாடெங்கும் கிராமப்புற மாணவியருக்கு இடைநிலைப் பள்ளியில் கட்டணத்தை நீக்கியதோடு உதவித்தொகையும் அளித்தது. 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், திருமணமாகாதிருத்தல் ஆகியவை நிபந்தனைகள். அதாவது, "படிக்கிறாள்" என்று வீட்டார் சொல்லிக்கொள்வதற்கு அரசே பணம் கொடுத்தது. திருமணமானவளுக்குத்தான் அந்தத் தொகை கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும் என்பது என் மனக்குறை. ஆனாலும் இடைநிலைப் பள்ளிகளில் பெண்களின் எண்ணிக்கை உயர்ந்ததில் அத்திட்டத்துக்குப் பங்குண்டு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பயனுண்டு. வீட்டிலிருந்தே படிக்க வழிசெய்யும் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வெழுத 24 வயது தடையல்ல. ஆனால் விண்ணப்பப் படிவத்தை வாங்குவதற்கு முன், ஒரு நாளில் உங்களுக்கே உரிய இரண்டு மணிநேரத்தை வீட்டில் கேட்டு வாங்குங்கள். அந்த நேரத்தில் நீங்கள் செய்துவந்த வேலையை இனி யார் செய்வது என்பதையும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். இல்லையென்றால் அந்த வேலை நள்ளிரவுக்குத் தள்ளப்பட்டு, அந்தச் சுமையையும் உங்கள் உறுதியே தாங்க நேரிடும். நீங்கள் யாருக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்தீர்களோ, அந்தத் தம்பியிடமிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

என் கட்டுரையிலிருந்து அந்த வரியை நீக்கவில்லை. அதன் கீழேயே உங்கள் கடிதத்தைச் சேர்த்திருக்கிறேன்.