ரிமோட் யார் கையில்?

கேள்வி: தமிழ் சீரியல் நாயகிகளில் பாதிப் பேர் நம்ம கன்னடத்துப் பெண்களாமே, தமிழ்நாட்டில் ஆளே இல்லையா?
வாசகி, அல்சூர்

பாதி என்பது கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் வரிசை நீளம்தான். 'கயல்' சைத்ரா ரெட்டி, 'சரவணன் மீனாட்சி' ரச்சிதா மகாலட்சுமி, 'பாக்கியலட்சுமி' சுசித்ரா, மூன்று பேருமே கன்னடத்தில் நடித்துவிட்டுத் தமிழுக்குப் போனவர்கள். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சீரியலில் பலருக்கு இன்னொருவர்தான் டப்பிங் பேசுகிறார், அதனால் தமிழ் தடுமாறினாலும் முகம் பேசினால் போதும். தினம் ஒரு எபிசோடு போயாக வேண்டிய வேலைக்கு, அந்த ஓட்டம் ஏற்கெனவே பழகிய ஆளைப் பிடிப்பதுதானே புத்திசாலித்தனம்? சைத்ராவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அண்ணன் குடித்துவிட்டு வந்து நிற்கிற காட்சிகளில் வேறு நாயகியாக இருந்தால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார். இவர் தாடையை இறுக்கிக்கொண்டு ஒரு நொடி சும்மா பார்ப்பார், அப்புறம்தான் பேச்சே வரும். அந்த ஒரு நொடிக்காக 2021 முதல் உட்கார்ந்திருக்கிறோம், ஆனால் கயலுக்கும் எழிலுக்கும் கல்யாணம் நடத்தி வைப்பதற்குள் இயக்குநர் நமக்கே வயசாக்கிவிட்டார்.

கேள்வி: என் மருமகள் இந்தி 'அனுபமா' பார்க்கிறாள். அது நம்ம 'பாக்கியலட்சுமி'யைப் பார்த்து எடுத்ததுதானே? சண்டையே வந்துவிட்டது.
வாசகி, ஸ்ரீராமபுரம்

சண்டையை நிறுத்துங்கள், இரண்டுக்கும் தாய்வீடு வங்காளம். 'ஸ்ரீமோயி' என்ற பெங்காலி சீரியலைத்தான் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள், இரண்டும் தொடங்கியது 2020 ஜூலையில். கேட்டால் நான் பாக்கியா கட்சி. ரூபாலி கங்குலி நன்றாக நடிக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அங்கே ஒரு வசனத்துக்கு நாலு பக்கம் கேமரா சுற்றுகிறது. இங்கே சதீஷ் செய்த கோபி இருக்கிறாரே, பெண்டாட்டியை விட்டுவிட்டு ராதிகாவைக் கட்டிக்கொண்ட மனிதர் மீது நமக்குக் கோபம் வர வேண்டும், வரவும் செய்தது, ஆனால் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு அவர் முழிக்கிற முழியில் சிரிப்பும் வந்துவிட்டது. அது லேசான வேலை இல்லை. தமிழ் சீரியல் ஒருவழியாக 2025-ல் முடிந்தது, அதிலும் கடைசிப் பகுதி தேவையே இல்லை. 'அனுபமா'வில் கணவராக நடித்தவர் 2024-ல் விலகிய பிறகும் கதை ஓடுகிறது. வாரா வாரம் வியாழக்கிழமை வரும் ரேட்டிங் தாங்குகிற வரைக்கும் எந்த சேனலும் முற்றும் போடாது.

கேள்வி: 'எதிர்நீச்சல்' குணசேகரன் மாதிரி வில்லன் இனி வருவாரா?
ஓய்வுபெற்ற வாசகர், விவேக் நகர்

மாரிமுத்துவைக் கேட்கிறீர்கள். வராது சார். 'ஏய் இந்தாம்மா' என்று அவர் கூப்பிட்ட விதத்தில் நம் வீட்டுப் பெரியப்பாக்கள் நாலைந்து பேராவது தெரிந்தார்கள், அதனால்தான் அந்த அளவுக்குப் பற்றிக்கொண்டது. மீசையை முறுக்கி, லைட்டைச் சிவப்பாக்கி, முகத்தை மூன்று தரம் காட்டும் வில்லன் இல்லை அவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தபடியே நாலு மருமகள்களையும் நசுக்குவார். 2023 செப்டம்பர் 8 அன்று அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உடம்பு முடியாமல் போய் இறந்தார். அப்புறம் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். அவர் தோரணையே வேறு, முறைத்தால் நிஜமாகவே பயம் வந்தது, ஆனால் அந்தக் குடும்பத்து நக்கல் வரவில்லை. குற்றம் அவருடையது இல்லை. இன்னொருவர் உடம்புக்குத் தைத்த சட்டையை அவர் தலையில் மாட்டிவிட்டார்கள். 'கோலங்கள்' எடுத்தவரும் இதன் இயக்குநருமான திருச்செல்வமே அந்த இடத்தில் கதையை வேறு பக்கம் திருப்பியிருக்கலாம் என்பது என் கட்சி.

கேள்வி: பிக் பாஸில் கமலா, விஜய் சேதுபதியா?
கல்லூரி மாணவர், லிங்கராஜபுரம்

சுதீப்! பெங்களூரில் இருந்துகொண்டு அவரை விடலாமா? 2013 முதல் கன்னடத்தை அவர்தான் நடத்துகிறார். திட்டினாலும் எதற்குத் திட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுத் திட்டுவார், திட்டு வாங்கியவரும் தலையாட்டுவார். கமல் ஏழு சீசன் செய்தார். புத்தகம் சிபாரிசு செய்வதெல்லாம் அழகு, ஆனால் நேராகக் கேட்க வேண்டிய கேள்வியை ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து கேட்பார். 2024-ல் வந்த சேதுபதி நேராகக் கேட்கிறார், பதில் வருவதற்குள் நிறுத்தியும் விடுகிறார். அதை மட்டும் குறைத்துக்கொண்டால் என் ஓட்டு அவருக்கு.

கேள்வி: 'குக் வித் கோமாளி' இன்னும் பார்க்கிறீர்களா?
வாசகி, மர்பி டவுன்

நடுவராக இருந்த சமையல் கலைஞர் வெங்கடேஷ் பட் ஐந்தாவது சீசனில் இல்லை என்றதும் பாதி ஆசை போய்விட்டது. அவர் தண்டனை கொடுக்க, புகழ் அலற, சிவாங்கி அதற்கு மேல் கத்த, அடுப்பில் ஏதோ தீய... அது தானாக வந்த கூத்து. இப்போது சிரிக்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே காட்டிவிடுகிறார்கள்.

கேள்வி: மாமியாருக்கு சன், கணவருக்கு கிரிக்கெட், எனக்கு 'சிறகடிக்க ஆசை'. வீட்டில் ஒரே டிவி. என்ன செய்ய?
பெயர் வேண்டாம், ஜோகுபாளையா

டிவியை அத்தையிடம் கொடுத்துவிடுங்கள், அதில் போட்டி போட்டு ஜெயித்தவர்கள் யாருமில்லை. கிரிக்கெட்டைக் கணவர் மொபைலில் பார்க்கட்டும். உங்கள் சீரியல் ஜியோஹாட்ஸ்டாரில் இருக்கிறது, சமையல் முடிந்து எல்லோரும் படுத்த பிறகு நிதானமாகப் போடுங்கள். விஜயா திட்டும் காட்சிகளை ஓட்டிவிட்டு, முத்துவும் மீனாவும் பேசும் இடத்தை மட்டும் பார்த்தால் பத்தே நிமிஷத்தில் அன்றைய எபிசோடு முடிந்துவிடும்.