பிழைக் காசா, பழுதான காசா?

கேள்வி: பழைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை அச்சுப்பிழை உள்ளது என்று நம்பிக் கண்காட்சியில் வாங்கினேன். ஒரு பக்கம் சிங்க முத்திரை இருக்கிறது. மறுபக்கம் அதே சிங்கம் குழிவாக, இடவலம் மாறித் தெரிகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதற்கடியில் ‘1’ என்ற எண்ணும் கதிரும் மங்கலாகத் தெரிகின்றன. இது உண்மையான பிழை நாணயமா?
– வாசகர், ஈரோடு

பதில்: லென்ஸில் தெரிந்த அந்த ‘1’ தான் காசைக் காட்டிக்கொடுக்கிறது. நாணயச்சாலையில் வெறும் உலோக வில்லை இரண்டு அச்சுகளுக்கு இடையே ஒரே நேரத்தில் அழுத்தப்படுகிறது. முன்பு அடிக்கப்பட்ட காசு வெளியே விழாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையின் ஒரு முகத்தில் எஞ்சிய அச்சும், மறுமுகத்தில் ஒட்டிய காசின் முகமும் பதியும். சேகரிப்பாளர்கள் ‘புரோக்கேஜ்’ என்பது இதைத்தான். இருபுறமும் சிங்கமே உள்ள புரோக்கேஜில், மதிப்பைப் பொறிக்கும் அச்சு வில்லையைத் தொடவே இல்லை என்பதால், அங்கே ‘1’ தெரிவதற்கு வழியே கிடையாது. உங்கள் காசு முழுமையாக அடிக்கப்பட்டு வெளிவந்த பின், அதன்மேல் இன்னொரு காசை வைத்து யாரோ பட்டறை வைஸில் இறுக்கியிருக்கிறார்கள். நேராக உள்ள சிங்கத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்: மூக்கு, பிடரி போன்ற மேடான இடங்கள் நசுங்கித் தட்டையாகியிருக்கலாம். விற்றவரே இதை அறியாமல் வாங்கியிருக்கவும் கூடும்; ஆனாலும் பணத்தைத் திரும்பக் கேட்பதில் தவறில்லை.

கேள்வி: என்னிடம் உள்ள தடித்த ஐந்து ரூபாய் நாணயத்தின் ஓரம் பிறை வடிவில் கடிபட்டதுபோல் இருக்கிறது. எடை பார்த்தால் தெரிந்துவிடுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தெரியாது. அந்தக் குப்ரோ நிக்கல் காசின் முறையான எடை 9 கிராம். நாணயச்சாலையில் குறைந்தாலும் அரத்தால் ராவினாலும் எடை குறையத்தான் செய்யும். தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டும்போது, முன்பே வெட்டிய துளையின்மேல் வெட்டு விழுந்தால் இத்தகைய பிறை உண்டாகிறது. பிறகு வில்லையின் விளிம்பை உயர்த்தும் எந்திரம் அதை இருபுறமும் நெருக்குகையில், பிறை உள்ள பக்கம் எதிர்ப்பு இல்லாததால், அதற்கு நேர் எதிரேயும் விளிம்பு சரியாக எழும்பாது. ஆகவே கடிபட்ட இடத்தை விட்டுவிட்டு எதிர்முனையைப் பாருங்கள். அங்கே விளிம்பு மெலிந்து மங்கியிருந்தால் அது நல்ல அடையாளம். அடுத்து, பிறையை ஒட்டிய எழுத்துகளைக் கவனியுங்கள். உண்மையான பிழையில், அழுத்தத்தில் உலோகம் வெற்றிடத்தை நோக்கி நகர்ந்திருப்பதால் எழுத்துகள் அங்கே சற்றே இழுபட்டு மெலியும். பின்னால் வெட்டியதில் கத்தி வைத்தாற்போல் சட்டென்று நின்றுவிடும். வெட்டுமுகத்தில் அரத்தின் கீறல்கள் இருந்தால் மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை. காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு மட்டும் பார்க்காதீர்கள்; சான்றுகள் அதோடு போய்விடும்.

கேள்வி: ஆண்டுக்குக் கீழே எந்தக் குறியும் இல்லாத காசு பிழையானதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. காசு எந்த நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டத்தான் அந்தக் குறி: மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி என்று குறிகள் உண்டு. கொல்கத்தா நாணயச்சாலை குறி இடுவதில்லை.