பெயர் இல்லாத ஒன்பதாம் இலக்கம்

அன்பின் அண்ணா,

லண்டன் ரூட்டிங்கில் இருந்து எழுதுகிறேன். ஊர் யாழ்ப்பாணத்து நாவாந்துறை. உங்கள் பக்கத்தைக் கனகாலமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்தடவை.

போன சனிக்கிழமை ஒன்பது வயது மகனைக் கூட்டிக்கொண்டு இங்கே பக்கத்தில் உள்ள இரண்டு சின்னக் கழகங்களின் உதைபந்தாட்டத்தைப் பார்க்கப் போனேன். சீசன் தொடங்க முதல் நடக்கும் சிநேகபூர்வ ஆட்டம். எனக்கு ஏழு பவுண், மகனுக்கு இலவசம். சனம் இருநூறு பேர் வந்திருந்தால் பெரிய காரியம். முதல் பாதியில் ஆடியவர்களில் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரையும் இடைவேளையோடு மாற்றிவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒன்பதாம் இலக்கம் போட்ட ஒரு பெடியன் நல்ல வடிவாக ஆடினான், ஒரு கோலும் போட்டான். மகன் அவனுடைய பெயரைக் கேட்டான். தேத்தண்ணி விற்கும் கொட்டிலுக்குப் பக்கத்தில் வீரர் பட்டியல் ஒட்டியிருந்தது. போய்ப் பார்த்தால் அந்த இலக்கத்துக்கு நேரே 'ட்ரயலிஸ்ற் ஏ' என்று மட்டும் இருந்தது. இடைவேளைக்குப் பிறகு அவனையும் காணவில்லை.

ஊரில் குருநகர்ப் பாடும்மீன் கழகத்துக்கும் எங்கள் சென் மேரிஸ் கழகத்துக்கும் ஆட்டம் என்றால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு சைக்கிளில் ஓடிய ஆட்கள் நாங்கள். தோற்றால் அன்றிரவு சோறு இறங்காது. இங்கே புள்ளி இல்லை, கிண்ணம் இல்லை, ஆடுகிறவனுக்குப் பெயர்கூட இல்லை. ஏழு பவுண் பெரிசில்லை. ஆனால் ஏமாந்துபோன மாதிரி ஒரு உணர்வு. நீங்கள் இப்படியான ஆட்டங்களை விடாமல் பார்ப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். முடிவு யாருக்கும் வேண்டாம் என்றால் ஆட்டம் எதற்கு அண்ணா?

வாசகர், ரூட்டிங்

*

அன்புள்ள தம்பி,

மகன் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தப் பெடியனின் பெயர் கழகத்துக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

ட்ரயலிஸ்ற் என்றால் சோதனைக்கு வந்தவன். அவன் இன்னும் அந்தக் கழகத்தில் சேரவில்லை. லீக் ஏணியின் இந்தக் கீழ்ப் படிகளில் ஆடுகிறவர்களில் கனபேருக்கு ஒப்பந்தம் கிடையாது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் கொஞ்சக் காசு, பல இடங்களில் பயணச் செலவு மட்டும். சீசன் நடுவில் இப்படி ஒப்பந்தம் இல்லாத ஒருவனை வேறு கழகம் அழைக்க விரும்பினால், அவனுடைய கழகத்துக்கு எழுத்தில் ஏழு நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் அவனோடு கதைக்கலாம். சீசன் முடிந்தால் பதிவும் முடிந்துவிடும், அந்தப் பாதுகாப்பும் போய்விடும். யூலையில் பட்டியலில் அவன் பெயரைப் போட்டு, கோலும் போட்டான் என்று செய்தி வெளியானால், அன்றிரவே பக்கத்து ஊர்ப் பயிற்றுநர்கள் மூன்று பேர் அவனுக்குத் தொலைபேசி எடுப்பார்கள். சில வேளை அவன் இன்னொரு கழகத்தோடும் பேசிக்கொண்டிருப்பான், அவர்களுக்கு இது தெரியக்கூடாது. இரண்டு காரணத்துக்கும் 'ஏ', 'பி', 'சி' என்று போட்டுவிடுவார்கள்.

நீங்கள் பார்த்தது ஒருவனுடைய நேர்முகத் தேர்வு. நாற்பத்தைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், அதில் அவன் ஒரு கோல் போட்டிருக்கிறான். இடைவேளையோடு அவனை எடுத்ததில் குறை இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்கள் என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம். வேலை முடிந்து பின்னேரம் பயிற்சிக்கு வருகிறவர்கள் இவர்கள். தச்சு வேலை, பாடசாலை உதவியாளர், பொதி விநியோகம், எல்லாம் இருக்கும். யூலை முதல் கிழமையிலேயே தொண்ணூறு நிமிடம் ஓட வைத்தால் தசை பிடித்துக்கொள்ளும், திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாது. அதனால்தான் பாதிக்குப் பாதி ஆட்களை மாற்றுகிறார்கள். சிநேகபூர்வ ஆட்டத்தில் இரு பக்கமும் ஒத்துக்கொண்டால் எத்தனை பேரையும் மாற்றலாம்.

இப்படி ஒரு கோடைச் சோதனையில்தான் இயன் ரைட் கிடைத்தார். பிறைற்றன் கழகம் அவரை வாரக்கணக்காகச் சோதித்துப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டது. கிறீனிச் பரோ என்ற நொன்-லீக் கழகத்தில், அதாவது மேலே உள்ள நான்கு பிரிவுகளுக்கும் கீழே ஆடுகிற ஒரு கழகத்தில், ஆடிக்கொண்டு வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். 1985 கோடையில் கிறிஸ்ரல் பலஸ் அவரைச் சோதனைக்குக் கூப்பிட்டபோது 22 வயது ஆகப்போகிறது. அந்த வயதில் அநேகமாகக் கதவு பூட்டிவிடும். பலஸ் எடுத்தது. பிறகு ஆர்சனலுக்காக 185 கோல் போட்டார்.

உங்களுக்கு இன்னும் கிட்டிய ஆள் வேண்டுமென்றால் மிக்கெய்ல் அன்ரோனியோ. உங்கள் ரூட்டிங் அண்ட் மிற்சம் யுனைற்றட் கழகத்தில் ஆடியவர். 2008இல் ரீடிங் கழகம் அவரை எடுத்தது. 2021 ஆகஸ்டில், வெஸ்ற்ஹாமுக்காகப் பிறீமியர் லீக்கில் அதிக கோல் போட்டவர் என்ற இடத்துக்கு வந்தார். மகனிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் எல்லா ட்ரயலிஸ்றும் அன்ரோனியோ ஆகிவிடமாட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் இதே படிகளில் பத்து வருடம் ஆடிவிட்டு முழங்கால் வலியோடு ஓய்வுபெறுகிறவர்கள். நான் போவது அவர்களைப் பார்க்கத்தான்.

ஏழு பவுணைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். பழைய சீசனின் கடைசி ஆட்டம் வசந்தத்தில் முடிகிறது, அடுத்தது ஆகஸ்டில். இடைப்பட்ட மாதங்களில் வாசலில் ஒரு சதம் விழாது. ஆனால் புல் வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்ந்துபோன கோல் வாசலில் புது விதை போட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், காப்புறுதி கட்ட வேண்டும். சிநேகபூர்வ ஆட்டத்துக்கும் நடுவருக்குக் காசு கொடுத்தாக வேண்டும். இருநூறு பேர் வந்தார்கள் என்றீர்கள். அதில் அரைவாசிப் பேர் காசு கொடுத்திருந்தால் எழுநூறு பவுண். இந்தப் படியில் அது என்ன பெறுமதி என்பதற்கு ஒரு கணக்கு: எப்.ஏ. கிண்ணத்தின் ஆக அடிச் சுற்றில் வென்ற கழகத்துக்கு 2023-24 சீசனில் கிடைத்த பரிசு 1,125 பவுண். பக்கத்துக் கழகத்தோடு ஆடினால் பேருந்துச் செலவும் இல்லை, அவர்களுடைய ஆட்களும் நடந்து வந்துவிடுவார்கள். உங்களிடம் வாசலில் காசு வாங்கியவர், தேத்தண்ணி ஊற்றித் தந்தவர், இடைவேளையில் அதிர்ஷ்டச் சீட்டு விற்றவர், மூவருக்கும் சம்பளம் இல்லை. அடுத்தமுறை ஒரு சீட்டு வாங்குங்கள்.

இனி, புள்ளியும் இல்லை கிண்ணமும் இல்லை, ஆட்டம் எதற்கு என்று நீங்கள் கேட்டது. இதைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, நொன்-லீக்கின் மூன்றாம் படியிலிருந்து கீழே இருந்த அத்தனை லீக்குகளின் முடிவுகளையும் அழித்துவிட்டார்கள். இடைநிறுத்தவில்லை, சராசரி பார்த்து முடிவு சொல்லவில்லை, சீசனே நடக்காதது போல் துடைத்தார்கள். ஜேர்சித் தீவின் ஜேர்சி புல்ஸ் புதுக் கழகம், அதுதான் முதல் சீசன். ஆடிய 27 லீக் ஆட்டங்களிலும் வென்று, மேல் படிக்குப் போவதை உறுதிப்படுத்தியே விட்டது. அதுவும் போயிற்று. 27 வெற்றி, பூச்சியம் புள்ளி. அன்று எனக்கு ஒன்று விளங்கியது தம்பி. அந்த 27 ஆட்டத்தையும் நின்று பார்த்தவர்களிடமிருந்து எந்தச் சபையாலும் அதை எடுக்க முடியவில்லை. கணக்கு எழுதுகிற புத்தகம் ஒரு பக்கம், நாங்கள் பார்த்தது இன்னொரு பக்கம். உங்கள் மகன் அந்தக் கோலைப் பார்த்துவிட்டான். பெயர் கேட்கிற அளவுக்குப் பார்த்திருக்கிறான்.

அதே வருடம் ஆகஸ்டில் பிறீமியர் லீக் மைதானங்கள் சனமில்லாமல் இருந்தபோது, இந்தச் சின்னக் கழகங்களுக்கு மட்டும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்களை விட அரசு அனுமதித்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் ஆட்டம் தெற்கு லண்டனில் ஒரு சிநேகபூர்வ ஆட்டம். எத்தனைக்கு எத்தனை என்று நினைவில் இல்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது, பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது நினைவிருக்கிறது. பக்கத்தில் இரண்டு யார் தள்ளி நின்ற கிழவர் ஒருவர் அழுதுகொண்டிருந்தார்.

எந்தக் கழகங்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை. ரூட்டிங்கில் இருப்பதால் உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். ரூட்டிங் ரவுணும் மிற்சம் வொன்டரர்சும் 1932இல் ஒன்றாகி உருவானது உங்கள் ஊர்க் கழகம். 1959 யனவரியில் சாண்டி லேன் என்ற பழைய மைதானத்தில், உறைந்து கட்டியாய்க் கிடந்த தரையில், எப்.ஏ. கிண்ண ஆட்டத்தில் நொட்டிங்ஹாம் ஃபொறெஸ்ற்றுக்கு எதிராக இரண்டுக்குப் பூச்சியம் என்று முன்னணியில் நின்றார்கள். ஃபொறெஸ்ற் எப்படியோ சமன் செய்து, மறு ஆட்டத்தில் வென்று, அந்த வருடக் கிண்ணத்தையே தூக்கியது. சாண்டி லேனில் இப்போது வீடுகள். கழகம் 2002இலிருந்து மோர்டனில் இம்பீரியல் ஃபீல்ட்ஸில் இருக்கிறது. முத்துமாரி அம்மன் கோயிலுக்குத் தேர் பார்க்கப் போகிற எங்கள் சனத்தில் எத்தனை பேருக்கு அது இருப்பது தெரியும் என்று எனக்குக் கவலை உண்டு.

ரூட்டிங் கழகத்தின் பரம்பரை எதிரி டலிச் ஹம்லெற் என்ற தெற்கு லண்டன் கழகம். 1893இல் தொடங்கியது, இளஞ்சிவப்பும் நீலமும் உடுப்பு. 2018 மார்ச்சில், நிலத்துக்கு உரிமையாளரான கட்டட முதலீட்டு நிறுவனம் அவர்களை அவர்களுடைய சாம்பியன் ஹில் மைதானத்திலிருந்து வெளியேற்றியது. அது போதாதென்று, கழகத்தின் பெயரை வணிகச் சின்னமாகப் பதிந்திருக்கிறோம், இனி நீங்கள் பாவிக்கக்கூடாது என்று சட்டத்தரணி கடிதம் வந்தது. 125 வருடக் கழகம், மைதானமும் இல்லை, சொந்தப் பெயரும் இல்லை. அப்போது கதவைத் திறந்துவிட்டவர்கள் ரூட்டிங் அண்ட் மிற்சம். எத்தனையோ வருடம் ஒருவரை ஒருவர் ஏசிப் பாடியவர்கள், வாருங்கள், எங்கள் மைதானத்தில் ஆடுங்கள் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு பெயர் திரும்பக் கிடைத்தது. அந்த மே மாதம் ஹென்டன் கழகத்தைத் தண்ட உதையில் வென்று ஹம்லெற் மேல் படிக்குப் போனதும் இம்பீரியல் ஃபீல்ட்ஸில்தான். டிசெம்பரில் சாம்பியன் ஹில்லுக்குத் திரும்பினார்கள்.

இப்படியான உதவி திடீரென்று ஒரு நாளில் வருவதில்லை. இந்தக் கழகத்தின் செயலாளருக்கு அந்தக் கழகத்தின் செயலாளரைத் தெரியும். கோடையில் யார் மைதானத்தில் புல் சரியில்லை, யாரிடம் ஆள் போதாது, யாருடைய பயிற்றுநர் மாறிவிட்டார், எல்லாம் இவருக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். யூலையில் ஒருவர் மற்றவருக்குத் தொலைபேசி எடுத்து 'வாற சனி வாறீங்களா?' என்று கேட்பார். வருடா வருடம் கேட்பார். 'சிநேகபூர்வம்' என்ற சொல்லை எங்கள் பத்திரிகைகள் சும்மா சடங்குக்கு எழுதுகின்றன. நான் அதை உண்மையான சொல்லாகவே எடுத்துக்கொள்கிறேன். லீக் தொடங்கினால் புள்ளிக்காக அடிபட வேண்டியவர்கள், அதற்கு முதல் ஒரு நாள் ஒருவரை ஒருவர் தயார்ப்படுத்துகிறார்கள். எதிரி பலமாக இல்லாவிட்டால் உன் குறை உனக்குத் தெரியாது.

நாவாந்துறையையும் குருநகரையும் எழுதியிருந்தீர்கள். கிண்ண ஆட்டத்துக்குச் சைக்கிளில் ஓடியதை நானும் மறக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டங்களுக்கு முதல், பின்னேரங்களில் சப்பாத்தில்லாமல், ஒரு பக்கம் சேட் போட்டு மறுபக்கம் சேட் கழற்றி ஆடிய ஆட்டங்களை யோசித்துப் பாருங்கள். ஆள் போதாவிட்டால் வேலியில் நின்ற பெடியனைக் கூப்பிட்டு இறக்குவார்கள். அவன் யாரென்று அரைவாசிப் பேருக்குத் தெரியாது. இரண்டு தடவை வெட்டி ஓடினான் என்றால் அடுத்தநாள் எல்லோருக்கும் அவன் பெயர் தெரியும். உங்கள் 'ட்ரயலிஸ்ற் ஏ'யும் அந்த வேலியில் நின்ற பெடியன்தான்.

ஆகஸ்டில் லீக் தொடங்கும். முதல் வீட்டு ஆட்டத்துக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். கொஞ்சம் வெள்ளன, இரண்டு மணிக்கே. வீரர் பட்டியலை அதே இடத்தில்தான் ஒட்டுவார்கள். உங்களுக்கு முதல் மகனை வாசிக்க விடுங்கள். ஒன்பதாம் இலக்கத்துக்கு நேரே ஒரு பெயர் இருந்தால், அது அதே பெடியனா என்று தேத்தண்ணிக் கொட்டிலில் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். அவன் இல்லாவிட்டாலும் கேளுங்கள், எந்தக் கழகம் எடுத்தது என்று சொல்வார்கள். இடைவேளையில் எல்லோரும் எழும்பி, எங்கள் பக்கம் கோல் போடப்போகிற முனைக்கு நடந்துபோவார்கள். நீங்களும் கூட நடவுங்கள்.

எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், அவனுக்கு என்ன பெயர் என்று.

அன்புடன்
அண்ணா